நடவு, அறுவடை நாட்களில் எளிய சத்துணவு

நடவும் அறுவடையும் நடைபெறும் நாட்களில் விவசாய வீடுகளில் சமையலுக்கு நேரம் கிடைப்பதில்லை. விடியுமுன் மாட்டைக் கவனித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்துவிட்டு, காலை ஏழு மணிக்கு வயலில் இறங்கும் பெண்கள் பலர் ஒரு டம்ளர் தேநீரோடு வேலையைத் தொடங்குகின்றனர். பத்து மணிக்கு மீண்டும் தேநீர், அதனுடன் ஒரு பன் அல்லது பிஸ்கட். முதல் சோறு வாய்க்குப் போகும்போது பிற்பகல் இரண்டு மணி ஆகிவிடுகிறது. வேலை மிகுந்த நாட்களிலேயே உணவு குறைவது உடலை வெகுவாகப் பாதிக்கும்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளது. களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல் ஆகியவற்றை வெயிலின் கொடுமை என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகின்றனர். உணவுக் குறைவும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நேரமில்லாத வீட்டில் மூன்று வேளையும் சமைக்கச் சொல்வதில் பயனில்லை. அதற்குத் தேவையும் இல்லை. மாலையில் ஒரு முறை மட்டும் அடுப்பு மூட்டி, மறுநாள் காலைக்கும் பகலுக்கும் சத்துள்ள உணவைப் பெற வழியுண்டு. வயலிலும் கொல்லையிலும் விளையும் பொருள்களே இதற்குப் போதும்.

சோறும் கூழும் மட்டும் போதுமா?

பழைய சோறும் கூழும் நல்ல உணவுகளே. ஆனால் அவற்றுடன் ஊறுகாயையோ பச்சை மிளகாயையோ மட்டும் தொட்டுக்கொள்வதுதான் குறை. அரிசி உழைப்புக்கு வேண்டிய சக்தியைத் தரும். உடல் தசைக்கு வேண்டிய புரதமும், இரத்தத்திற்கு வேண்டிய இரும்புச்சத்தும் அதில் குறைவு. ஆகவே எந்த வேளை உணவாயினும் தானியத்துடன் ஒரு பயறு அல்லது கடலை, ஒரு பச்சைக் காய் அல்லது பழம் ஆகிய இரண்டும் சேர வேண்டும். இந்த இரண்டையும் சமைக்காமலேயே சேர்த்துக்கொள்ள இயலும்.

காலை உணவு

பழைய சோறு: இரவில் வடித்த சோற்றைச் சூடு ஆறியவுடன் தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். பல மணி நேரம் வெறுமனே திறந்து கிடந்த சோற்றில் தீமை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகும். அதன்பின் தண்ணீர் ஊற்றுவதால் பயனில்லை. காலையில் மோர், சின்ன வெங்காயம் சேர்த்து, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையுடன் உண்ண வேண்டும். கெட்ட வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் உண்ணக் கூடாது.

கூழ்: முதல்நாள் மாலை கேழ்வரகு அல்லது கம்பு மாவை நொய்யுடன் சேர்த்துக் கெட்டியாகக் கிண்டி வைத்தால், மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக்கொள்வதுதான் வேலை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. கம்பில் புரதமும் இரும்புச்சத்தும் அரிசியைவிட மிகுதி.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் நீர்க்கக் கரைத்த கூழைவிடக் களியைப் பயறு, கீரையுடன் அளவாக உண்பது நலம். மாத்திரை உட்கொள்வோர் வேலையின் காரணமாக உணவு வேளையைத் தள்ளிப் போடக் கூடாது.

வயலுக்கு எடுத்துச் செல்ல

முளைகட்டிய பயறு: பாசிப்பயறு அல்லது தட்டைப்பயறைக் காலையில் ஊற வைத்து, மாலையில் நீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளைத்திருக்கும். முளைக்கும்போது வைட்டமின் 'சி' உண்டாகிறது. இரும்புச்சத்தும் உடலில் எளிதாகச் சேரும். நல்ல நீரில் அலசி, ஐந்து நிமிடம் ஆவியில் வேக வைத்து உண்பது நலம். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோருக்குக் கட்டாயம் வேக வைத்தே கொடுக்க வேண்டும்.

வேர்க்கடலை: 30 கிராம் கடலையில், அதாவது ஒரு கைப்பிடி அளவில், சுமார் 7 கிராம் புரதம் உள்ளது. ஒரு கோழி முட்டையில் 6 கிராம். பூஞ்சாணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கக் கூடும். அது கல்லீரலைக் கெடுக்கும்; வறுத்தாலும் முழுவதும் நீங்காது.

முட்டை: சோறு வடிக்கும்போதே பக்கத்து அடுப்பில் பத்து நிமிடம் வேக வைத்து, ஓட்டுடன் எடுத்துச் செல்லலாம். அன்றைக்கே உண்டுவிட வேண்டும்.

பழம்: 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் 'சி' 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. பயறு, கம்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர இது உதவும். கொய்யா கிடைக்காதபோது நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ போதும்.

ஒரு நாள் கணக்கு

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் குறித்துள்ளது. அதைக் கீழ்க்கண்டவாறு பெறலாம்.

காலையில் கம்பு 75 கிராம் (கூழாக) - 8 கிராம்
வேர்க்கடலை 30 கிராம் - 7 கிராம்
பாசிப்பயறு 30 கிராம் (முளைகட்டியது) - 7 கிராம்
முட்டை 1 - 6 கிராம்
பகலுக்கும் இரவுக்கும் அரிசி 250 கிராம் - 19 கிராம்

மொத்தம் 47 கிராம் ஆகிறது. மோரும் குழம்பிலுள்ள பருப்பும் இதற்கு மேல். முட்டை உண்ணாதவர்கள் பயறையோ கடலையையோ சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். இவற்றில் கூழும் சோறும் தவிர மற்றவற்றுக்கு அடுப்பில் வேலை மிகக் குறைவு.

ஒரு நாள் செய்து வைக்க

வேலையில்லாத ஒரு நாளில் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை ஆகியவற்றை நிழலில் உலர்த்தி, வறுத்த உளுந்து, மிளகு, சீரகம் சேர்த்துப் பொடித்து வைத்தால் சில வாரங்களுக்குச் சோற்றிலும் கூழிலும் கலந்துகொள்ளலாம். ஈரமில்லாத கரண்டியைப் பயன்படுத்த வேண்டும். உப்பைக் குறைவாகச் சேர்க்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றையே நாள்தோறும் தொட்டுக்கொள்வதால் உப்பு மிகுந்து இரத்த அழுத்தம் கூடும்.

தேநீரை நிறுத்த வேண்டியதில்லை. உணவுடனோ, உண்டவுடனோ குடிக்காமல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது.

எச்சரிக்கை

விதைப்புக்கு வாங்கி மீந்த பயறு, கடலை ஆகியவற்றை உணவுக்கு எடுக்கவே கூடாது. அவை பூஞ்சாணக் கொல்லி மருந்து கலந்து விதைநேர்த்தி செய்யப்பட்டிருக்கும். கழுவினாலும் முளைகட்டினாலும் நஞ்சு போகாது. விதைப் பையையும் உணவுப் பொருள் வைக்கப் பயன்படுத்தக் கூடாது. உரம், பூச்சிமருந்து ஆகியவற்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு நன்கு கழுவிய பின்னரே தூக்குவாளியைத் திறக்க வேண்டும். உணவை மருந்துடன் ஒரே பையில் வைத்து எடுத்துச் செல்லுதல் கூடாது.

வரப்பும் கொல்லையும்

நெல் வயல் வரப்புகளில் உளுந்து அல்லது தட்டைப்பயறு விதைத்தால் வீட்டுத் தேவைக்குரிய பயறில் ஒரு பகுதி கிடைத்துவிடும். வரப்புப் பயறு நெல்லுக்கு நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் புகலிடமாகிறது. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, இரண்டு பப்பாளி, ஒரு எலுமிச்சை இருந்தால் கடைக்குச் செல்லும் நேரமும் மிச்சமாகும். குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் பாயும் இடத்தில் இம்மரங்களை நட்டால் தனியாக நீர் விட வேண்டியதில்லை.

வீட்டார் அனைவரின் பொறுப்பு

பயறு ஊற வைப்பதும், கூழ் கரைப்பதும், கடலை பொறுக்குவதும் சமையல் தெரியாதவர்களும் செய்யக் கூடிய வேலைகள். ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் இவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லோரும் உண்ட பின் மீந்ததை உண்ணும் வழக்கத்தால் பயறும் முட்டையும் பெண்களுக்குக் கிடைக்காமற் போகின்றன. காலையிலேயே அவரவர் பங்கைத் தனித்தனியே எடுத்து வைத்துவிட்டால் இக்குறை நீங்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியில் வழங்கப்படும் சத்துமாவை வெந்நீரில் பிசைந்து அவர்களே உண்ண வேண்டும். அதை மற்றவர்களுக்குப் பங்கிடக் கூடாது.

ஓயாத களைப்பு, கண் இமையின் உட்புறமும் நாக்கும் வெளுத்திருத்தல் ஆகியவை தென்பட்டால் உணவை மட்டும் நம்பியிராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் கூறும் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். நடவுக்கு முன் நாற்றங்காலைத் திட்டமிடுவது போல, பயறு, கடலை, கூழ் மாவு ஆகியவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டால் வேலை நாட்களில் யாரும் வெறும் வயிற்றுடன் வயலில் இறங்க நேராது.