திறந்த காரும் மூடிய பட்டறையும்

இங்கிலாந்தில் வசந்த காலம் பிறந்ததும் விளம்பரப் பகுதிகளில் ஒரு விசேஷமான சரக்கு தலைகாட்டத் தொடங்கும். "எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். 1972-ஆம் வருஷத்துக் கார். நல்ல நிலையில் இருக்கிறது. துணிக்கூரை புதிது" என்கிற தினுசில் நாலு வரியும், கூடவே ஒரு படமும் இருக்கும். நீண்ட மூக்கு, இரண்டு ஆசனங்கள், கம்பிச் சக்கரங்கள், வேண்டும்போது மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய கூரை! வெயில் அபூர்வமான தேசம் அது. ஆகையால் திறந்த காரில் ஒரு மணி நேரம் போகும் பாக்கியத்துக்காக அங்குள்ளவர்கள் எதையும் கொடுக்கச் சித்தமாயிருக்கிறார்கள்.

இந்தக் காரின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் என்பவருக்குச் சொந்தமான 'மாரிஸ் கராஜஸ்' என்னும் மோட்டார்க் கடையின் முதல் எழுத்துக்களே எம்.ஜி. என்பவை. 1922-ல் அதன் நிர்வாகத்தை ஏற்ற ஸெஸில் கிம்பர், சாதாரண மாரிஸ் வண்டிகளுக்கு அழகிய உடலும் அதிக வேகமும் கொடுத்து விற்கலானார். 1929-ல் தொழிற்சாலை ஆபிங்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. 1962-ல் அங்கே பிறந்ததுதான் எம்.ஜி.பி. நிலையான கூரை போட்ட அதன் உடன்பிறப்பையும் சேர்த்து, 1980 வரையில் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அவற்றில் பெரும் பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று.

இதில் நமக்கும் ஓர் உறவு உண்டு. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 2014 வரையில் தயாரான நம் அம்பாஸடர் கார், மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் வண்டியின் வழி வந்தது. அம்பாஸடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 ஸி.ஸி. எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 ஸி.ஸி. எஞ்சினும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். நம் மந்திரிகளையும், கல்யாண மாப்பிள்ளைகளையும் நிதானமாகச் சுமந்து சென்ற அதே வம்சம், அங்கே மணிக்கு 100 மைல் வேகத்தில் பறந்திருக்கிறது!

ஆனால் விளம்பரத்தைப் பார்த்து மயங்கிப் பணத்தை எண்ணி வைத்துவிடலாமா? விஷயம் தெரிந்தவர்கள் எஞ்சினைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். எஞ்சின் கெட்டால் பழுது பார்க்கலாம். உதிரி பாகங்களும் தாராளமாய்க் கிடைக்கின்றன. அவர்கள் முதலில் மண்டியிட்டுக் கதவுக்கு அடியில் பார்ப்பார்கள். பழங்காலத்து மோட்டார்களில் இருந்ததுபோல் இதற்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்த உடலேதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அதிலும் தலைக்குமேல் கூரை இல்லாத வண்டியில், கதவின் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் உட்குழிவான எஃகுப் பெட்டிகளே முதுகெலும்பு. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறும், குளிர் காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் அதற்குள் புகுந்து தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே தெரியும்போது காலம் கடந்து போயிருக்கும்.

இதை மறைப்பதும் எளிது. பட்டி பூசி, வர்ணம் அடித்துவிட்டால் வண்டி மணப்பெண்போல் மின்னும். அதற்குத்தான் வாங்குகிறவர் துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோகிறார். எஃகில் ஒட்டும் காந்தம் பட்டியில் ஒட்டாது. இன்னொரு பரீட்சையும் உண்டு: கதவைத் திறந்து சாத்திப் பார்ப்பது. முதுகெலும்பு தளர்ந்த வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவின் மேலோர இடைவெளி குறுகிக் கதவு சரியாகச் சாத்தாது. பின்பு வண்டியின் ஜாதகத்தைக் கேட்க வேண்டும். கேடனில் உள்ள மோட்டார்க் காட்சிசாலையில் பழைய உற்பத்திப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால், வண்டி எந்தத் தேதியில், எந்த வர்ணத்தில் பட்டறையை விட்டு வெளியேறிற்று என்பதற்கு அத்தாட்சி கொடுக்கிறார்கள்.

இத்தனை சோதனைகளிலும் தேறிய வண்டி அகப்பட்டால், அதன் பின்னே ஒரு மனிதருடைய நாற்பது ஐம்பது வருஷத்து உழைப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். உப்புத் தூவிய நாட்களில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தியவர் அவர். அந்தப் பெட்டிகளுக்குள் மெழுகும் எண்ணெயும் பீச்சியவர் அவர். வயது ஏறி, அத்தனை தாழ்ந்த ஆசனத்திலிருந்து எழுந்திருக்க முழங்கால் மறுக்கும்போதுதான் பெரும்பாலும் அத்தகையவர் விற்க முன்வருகிறார். கொடுக்கும் விலையில் பாதி அந்தச் சிரத்தைக்குத்தான்.

அந்தச் சிரத்தை பட்டறைக்குக் கிடைத்ததா? இல்லை. 18 வருஷ காலம் அடிப்படையில் அதே காரை, அதே எஞ்சினுடன் விற்றார்கள். அமெரிக்கச் சட்டத்துக்காக 1974-ல் பளபளத்த பம்பரை எடுத்துவிட்டுக் கருத்த ரப்பர் மோவாயைப் பொருத்தி, வண்டியையும் உயர்த்தினார்களே ஒழிய, புதிதாக ஒன்றைப் படைக்கப் பணம் ஒதுக்கவில்லை. பிறகு பவுன் நாணயத்தின் மதிப்பு ஏறவே, அமெரிக்க விற்பனை நஷ்டத்தில் முடிந்தது. 1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஊரே தொழிற்சாலையின் ஐம்பதாண்டு விழாவைக் கொண்டாடி முடித்தது. உடனே மூடப்போகும் செய்தி வந்தது. 1980 அக்டோபரில் கடைசி வண்டி வெளியேறிற்று. வெளியே விழாவும் தோரணமும், உள்ளே துரு!

இன்று எம்.ஜி. என்னும் பெயர் ஒரு சீனக் கம்பெனிக்குச் சொந்தம். அந்தப் பெயர் தாங்கிய கார்கள் 2019 முதல் நம் குஜராத்தில் ஹாலோல் என்னும் ஊரிலும் தயாராகி வருகின்றன. பெயரை விலைக்கு வாங்கலாம். ஆபிங்டன் தொழிலாளியின் கைத்திறனை எந்தப் பத்திரத்தில் எழுதி வாங்குவது? உத்தரபாராவில் கலைந்துபோன கைகளைப் பற்றியும் நாம் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். புதிய தொழிற்சாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டும்போது கூடுகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது, அது இருபது வருஷம் ஓடிய பிறகு உள்ளே எட்டிப் பார்க்க வருகிறதா?

பழைய கார் வாங்குகிறவர் வர்ணத்தை நம்புவதில்லை. குனிந்து அடியில் பார்க்கிறார். தேசத்தின் தொழிலை நடத்துகிறவர்களும் அவ்வப்போது அப்படிக் குனிந்து பார்த்தால் நன்று.