எழுதுவதே நிகழ்ச்சி

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் ஒருவர் காலையிலேயே நோட்டும் பேனாவுமாக உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனதில் ஓடுவதையெல்லாம் பொழுது சாயும்வரை எழுதுகிறார். அடிப்பதில்லை, கிழிப்பதில்லை, எழுந்து போவதில்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் பார்க்கலாம். நெடுநேர நிகழ்த்துகலை என்பது இதுதான். என்ன எழுதினார் என்பது இரண்டாம்பட்சம். எந்த விதிக்குக் கட்டுப்பட்டு, எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார் என்பதுதான் விஷயம்.

அப்படியானால் டைரி எழுதுகிற எல்லோரும் கலைஞர்களா? இல்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் காலம்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, வியாபாரம், பிரெஞ்சு கவர்னர் டூப்ளே சொன்னது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவருக்குத் தகவல்தான் முக்கியம். தான் எழுதுவதை யாரும் பார்க்க வேண்டும் என்று நினைத்தவரல்ல. ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி இன்னும் கிட்டத்தில் வருகிறார். 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதினார். அடைபட்ட இடம், மூன்று மாதக் கெடு, இரண்டும் இருந்தன. ஆனால் கெடுவை வைத்தது சர்க்கார். நிகழ்த்துகலையில் அதைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓசூர்க் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் பஞ்ச் அடிப்பவர்களுக்கு அடுத்த உதாரணம் சட்டென்று பிடிபடும். தைவானில் பிறந்த டெஹ்சிங் ஷே, நியூயார்க்கில் 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டு, இரவு பகல் பாராமல் மணிக்கொரு முறை பஞ்ச் அடித்தார். வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை! மொட்டை போட்டுத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்தார். வளர்ந்த முடியே காலத்தைக் காட்டியது.

எழுத்திலும் உடம்பு அப்படித் தெரியும். காலையில் கோட்டின்மேல் நின்ற எழுத்து மதியத்துக்குமேல் சரியும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் தெரியாது. "ஒன்றும் தோன்றவில்லை" என்றே பத்து வரி ஓடும். அதையெல்லாம் அப்படியே விட வேண்டும். நல்ல பிரதி எடுத்தால் காரியம் கெட்டது.

விதி தவறினால்? ஷே 8,760 முறையில் 133ஐத் தவறவிட்டார். தூங்கிப்போனது 94, தாமதம் 29, முந்தி அடித்தது 10 என்று அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார்.