கதவு நிலையில் பென்சில் கோடுகள்: குழந்தை வளருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எங்க வீட்டு சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் வரிசையா இருக்கும். இடது பக்கம் பையனுக்கு, வலது பக்கம் பொண்ணுக்கு. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தேதி. விளையாட்டா ஆரம்பிச்ச பழக்கம்தான். கவலைப்பட வேண்டாத குழந்தைக்குக் கவலைப்பட்டு, கவலைப்பட வேண்டிய குழந்தையை நாங்க கவனிக்காம விட்டோம்னு பிறகு காட்டிக் கொடுத்தது இந்தக் கோடுகள்தான். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுறவன். அதுக்குப் பிறகு தேடிப் படிச்சதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சாப்பிடாத பையன்

பையனுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது ஒரு கிண்ணம் பருப்பு சாதம் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். கையில் போன், அதில் பொம்மைப் பாட்டு. வாயைத் திறந்தா ஒரு கவளம். முக்கால்வாசி நாள் கடைசியில் வாந்தி. "எலும்பும் தோலுமா இருக்கானேடா"ன்னு அம்மா புலம்புவாங்க. எனக்கும் மனைவிக்கும் தினமும் சண்டை.

குழந்தை டாக்டர் தடுப்பூசி அட்டையை வாங்கி, பிறந்ததிலிருந்து எடுத்த எடையை எல்லாம் வரைபடத்தில் புள்ளி வச்சுக் காட்டினார். நடுக்கோட்டுக்குக் கீழேதான் இருந்தான். ஆனா எல்லாப் புள்ளியும் ஒரே வளைகோட்டை ஒட்டியே போச்சு. "இவன் பாதை இதுதான், விடுங்க" என்றார்.

ஏன் பசி குறைஞ்சதுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறக்கும்போது சுமார் 3 கிலோ, ஒரு வயசில் சுமார் 9 கிலோ. அதாவது நாளைக்கு 16 கிராம். இரண்டாம் வருஷம் மொத்தமே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். நாளைக்கு 7 கிராம்கூட இல்லை. முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குத் தேவைப்படும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சிக்கே போகுது. ஒரு வயசு ஆகும்போது அது 3 சதவீதம் அளவுக்கு இறங்கிடுது. பையன் அடம் பிடிக்கலை. அவன் உடம்பு கேட்டதே அவ்வளவுதான்!

ஒரு பிரெஞ்சுக்காரரின் நோட்டு

இதைத் தேடும்போது ஒரு சுவாரசியமான தகவல் கிடைச்சது. மோன்பெய்யார் என்ற பிரெஞ்சுப் பிரபு 1759இல் பிறந்த தன் மகனை, கிட்டத்தட்ட ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, 18 வருஷம் விடாம அளந்திருக்கார். இயற்கை ஆராய்ச்சியாளர் புஃபோன் அந்த அளவுகளைத் தன் நூலில் வெளியிட்டார். ஒரே குழந்தையைத் தொடர்ந்து அளந்த மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது. இன்னைக்கும் வளர்ச்சி பற்றிய பாடப்புத்தகங்களில் அந்தப் பையனின் வரைபடம் வருது.

அதை உயரமா வரையாம, வருஷத்துக்கு எத்தனை செ.மீ. கூடினதுன்னு வேகமா வரைஞ்சா விஷயம் பளிச்சுன்னு தெரியும். பொதுவா எல்லாக் குழந்தைக்கும் கணக்கு ஏறத்தாழ இதுதான்:

- முதல் வருஷம்: சுமார் 25 செ.மீ.
- இரண்டாம் வருஷம்: 10 முதல் 12 செ.மீ.
- நாலு வயசிலிருந்து பருவ வயசு வரை: வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ.
- பருவ வயசின் உச்சத்தில்: பெண்களுக்கு சுமார் 8, ஆண்களுக்கு 9 முதல் 10 செ.மீ. ஆண்களுக்கு இந்த உச்சம் ஏறக்குறைய இரண்டு வருஷம் தாமதமா வரும்.

அதனால் பத்தாம் வகுப்புப் பையன் நாலு தோசை தின்னுட்டு, "அம்மா, வேற என்ன இருக்கு?"ன்னு கேட்டாத் திட்டாதீங்க. ஒன்றரை வயசில் குறைஞ்ச பசியும் இப்போ ஏறின பசியும் ஒரே வரைபடத்தின் இரண்டு இடங்கள். இந்த வயசில் முட்டை, பயறு, கீரை, பால், தூக்கம் எல்லாம் வேணும். மாதவிடாய் தொடங்கின பெண்களுக்கு இரும்புச்சத்தும் கூடுதலா வேணும்.

நல்லா சாப்பிட்ட பொண்ணு

இப்போ வலது பக்கக் கோடுகள். பொண்ணு கொழுகொழுன்னு இருப்பா, தட்டில் வச்சதைச் சாப்பிடுவா. யாருக்கும் கவலையே இல்லை. ஏழரை வயசில் புதுக் கோடு போட நிறுத்தினேன். பழைய கோட்டுக்கு மேல் இரண்டு செ.மீ.தான். தேதியைப் பார்த்தேன், ஒரு வருஷம் ஆகியிருந்தது. சரியா அளக்கலையோன்னு மறுபடி அளந்தேன். அதேதான்.

அப்புறம்தான் மத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. மலச்சிக்கல், ஃபேன் போட்டாலே குளிருதுன்னு சொல்றது, சாயந்திரமே தூங்கி விழறது. "சோம்பேறி"ன்னு நானே திட்டியிருக்கேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு குறைவுன்னு தெரிஞ்சது. தினமும் காலையில் வெறும் வயித்தில் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். அடுத்த ஒரு வருஷத்தில் ஒன்பது செ.மீ. வளர்ந்தா.

உணவு போதாம வளர்ச்சி நின்னா முதலில் எடைதான் குறையும். ஹார்மோன் குறைவில் எடை அப்படியே இருக்கும், கூடவும் செய்யும். உயரம் மட்டும் நின்னுடும். குண்டா இருக்கற குழந்தையை யாரும் சந்தேகப்படறதில்லை. எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு கண்டுபிடிச்சா, விட்ட உயரத்தைப் பிடிக்க வழியில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

1. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அளங்க. செருப்பில்லாம, குதிகால் சுவரை ஒட்டி, பார்வை நேரா, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். காலையிலேயே அளங்க, சாயந்திரம் ஒரு செ.மீ. வரை குறைஞ்சு காட்டும். இரண்டு வயசுக்குள்ள படுக்க வச்சுத்தான் அளக்கணும்.
2. வரைபடத்தில் புள்ளி வையுங்க. ஐந்து வயசு வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வரைபடம். அதுக்காக அளந்த குழந்தைகளில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு. அதுக்கு மேல் 18 வயசு வரை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 வரைபடம்.
3. பக்கத்து வீட்டுக் குழந்தையோட ஒப்பிடாதீங்க. அதே குழந்தையின் பழைய கோட்டோட ஒப்பிடுங்க.
4. குழந்தை தன் வளைகோட்டை விட்டுக் கீழே இறங்கிட்டே போனாலோ, நாலு வயசுக்கு மேல் வருஷத்துக்கு 4 செ.மீ.கூட வளரலைன்னாலோ டாக்டரிடம் போங்க. பெண்ணுக்கு 8, ஆணுக்கு 9 வயசுக்கு முன்னாடியே பருவ மாற்றம் தெரிஞ்சாலும், பெண்ணுக்கு 13, ஆணுக்கு 14 தாண்டியும் தொடங்கலைன்னாலும் போகணும்.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். அந்தக் கதவு நிலையை மட்டும் தொடக்கூடாதுன்னு பெயின்டர்கிட்ட சொன்னது பொண்ணுதான். இப்போ அவ அம்மாவை விட இரண்டு விரல் உயரம்.