ஈரமணலில் பூக்கும் அழுகண்ணி

மாரிமழை ஓய்ந்ததும் மணற்பாங்கான பள்ளங்களில் சில வாரங்களுக்கே ஈரம் நிற்கும். அந்த ஈரத்தை நம்பி முளைத்துப் பூத்து, விதை சிந்தி மடிகிற சின்னஞ்சிறு செடி அழுகண்ணி. இலங்கையின் தாழ்நிலங்களில் இதில் இரண்டு இனங்கள் உண்டு: துரோசெரா இன்டிக்கா, துரோசெரா பேர்மானி. முதலாவதற்கு 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார். அதற்கு முன்பே, 1670களில் போல் ஹேர்மன் என்பவர் இங்கு சேகரித்த உலர்தாவரங்களை ஆராய்ந்து, இலங்கைத் தாவரங்கள் பற்றி 1747இல் ஒரு நூலையும் லின்னேயஸ் வெளியிட்டிருந்தார். இத்தனை பழைய அறிமுகம் இருந்தும் இச்செடியை இனங்காண்பதில் பலர் தவறுகிறார்கள். பூவை மட்டும் பார்ப்பதே காரணம். பூவோடு இலையையும் நிலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடையாளம் உறுதியாகும்.

பூவின் நிறம் ஏமாற்றும். பேர்மானியின் பூ வெள்ளை. இன்டிக்கா இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கும். இலை ஏமாற்றாது. பேர்மானியின் இலைகள் ஆப்பு வடிவில், நிலத்தோடு படிந்து வட்டமாக விரிந்திருக்கும். இன்டிக்காவுக்கு நிமிர்ந்த மெல்லிய தண்டு; அதில் நூல்போன்ற நீண்ட இலைகள். இளம் இலையின் நுனி சுருண்டிருக்கும். இரண்டின் இலைகளிலும் சிவந்த மயிர்களின் முனையில் பசைத்துளி மின்னும். அதில் ஒட்டும் பூச்சியைச் செடி செரித்துக்கொள்வதை 1875இல் டார்வின் தம் நூலில் விரிவாக விளக்கினார். அதே ஈரத்தில் வளரக்கூடிய யூட்ரிகுலேரியாவும் பூச்சியுண்ணிதான். ஆனால் அதன் பூ ஈருதடும் ஒரு வாலும் கொண்டது. பொறியும் மண்ணுக்குள் இருக்கும் நுண்பைதான்.

கைத்தொலைபேசிச் செயலியே பெயரைச் சொல்லிவிடுமே என்று கேட்கலாம். செயலி, கொடுத்த படத்தை வைத்துத்தான் சொல்லும். பூவை மட்டும் எடுத்த படத்தில் இலையும் இல்லை, மண்ணும் இல்லை. ஆகவே அதன் விடையைத் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ள முடியாது.

இத்தனை சிறு செடிக்கு இவ்வளவு கவனம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. நைதரசன் குறைந்த மண்ணில் வாழ்வதால்தான் இது பூச்சியைப் பிடிக்கிறது. பசளை மிகுந்தால் மற்றப் புற்கள் ஓங்கி இதை மூடிவிடும். பசளை குடிநீரையும் தொடுகிறது: வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணம் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கிறது. தோட்டப் பசளையின் நைத்திரேற்று கிணறுகளில் கலப்பது ஆய்வுகளில் பதிவானது. செடி இல்லாததால் மட்டும் நீர் கெட்டது என்று சொல்லிவிட முடியாது; வறட்சியும் காரணமாகலாம். ஆனால் ஓரிடத்தில் அது செழித்திருப்பது, அங்கே மண்ணில் பசளை சேரவில்லை என்பதற்கு நல்ல சான்று. மழைநீர் இத்தகைய மணலின் வழியேயும் நிலத்தினுள் இறங்குகிறது.

ஆகவே யாழ்ப்பாணத்தின் மணற்காடு, குடத்தனை, அம்பன் பகுதி மணல்வெளிகளில், மணல் அகழ்வு அவற்றைத் தின்னுமுன், மாரி முடிவில் இச்செடியைத் தேடிப் பார்க்க வேண்டும். கண்டால் பிடுங்காதீர்கள். பூ, இலை, சுற்றியுள்ள நிலம் மூன்றையும் படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து, தாவரவியல் படித்த ஒருவரிடம் கொடுங்கள்.