சவரக்கத்தி கொண்டு முகம் மழித்தல்

சவரக்கத்தி என்பது முடி மழிப்பதற்கென்றே செய்யப்பட்ட, பிடிக்குள் மடங்கும் கத்தி ஆகும். மழிகத்தி என்றும் இதைச் சொல்வதுண்டு. முடிதிருத்தகத்தில் பலரும் பார்த்துப் பழகிய இக்கருவியை வீட்டில் தாமே பயன்படுத்திப் பார்க்க விரும்புவோருக்கான அறிமுகம் இக்கட்டுரை.

கடையில் வாங்கும் சாதாரண ரேசரில் பிளேடுக்கும் தோலுக்கும் இடையே ஒரு தடுப்புப் பட்டை இருக்கும். பிளேடு எந்தக் கோணத்தில் தோலைத் தொட வேண்டும் என்பதை அந்தக் கருவியே முடிவு செய்துவிடும். சவரக்கத்தியில் அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. கோணம், அழுத்தம், திசை மூன்றும் மழிப்பவரின் கையில்தான் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குவோர் கத்தி பிடிக்கும் கையையே கவனித்துக்கொண்டிருப்பர். உண்மையில் காயம் வராமல் காப்பது மற்றொரு கை, அதாவது தோலை இழுத்துப் பிடிக்கும் கை.

சொல்லும் பழமையும்

மழித்தல் என்னும் சொல் திருக்குறளிலேயே வருகிறது. முடியைத் தோலோடு ஒட்ட எடுப்பதே மழித்தல். நீளத்தைக் குறைப்பது வேறு, அது கத்தரிக்கோலின் வேலை. பொருநராற்றுப்படையில் மயிர்குறை கருவி என்று ஒன்று பேசப்படுகிறது. அங்கு குறிக்கப்படுவது கத்தரிக்கோல், சவரக்கத்தி அன்று.

சோழர் காலத்தில் இத்தொழில் செய்தவர் நாவிசர் எனப்பட்டனர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தரும் நீண்ட பணியாளர் பட்டியலில் அவர்களுக்கும் இடம் உண்டு. பெருந்தச்சருக்கு வழங்கியது போலவே ‘இராசராசப் பெருநாவிசன்’ என்று மன்னன் பெயரோடு சேர்ந்த பட்டமும் அங்கு காணப்படுகிறது. இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியபோது, தச்சரும் கொல்லரும் போலவே நாவிசரும் இல்லாமல் அந்த நகரம் இயங்கியிருக்க முடியாது. இன்று அரியலூர் மாவட்டத்தில் பெருங்கோயிலும் மாளிகைமேட்டு அகழாய்வுக் குழிகளுமாக எஞ்சி நிற்கும் ஊர் அது.

பிற்கால ஊர்களில் நாவிதரைக் குடிமகன் என்று அழைத்தனர். கத்தி, கத்தரி, சீப்பு, கிண்ணி, தீட்டுக்கல், தோல் வார், சிறு கண்ணாடி எல்லாம் அடங்கிய பைக்கு அடைப்பம் என்று பெயர். அதை எடுத்துக்கொண்டு அவர் வீடு வீடாகச் செல்வார். கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைத்தது. அதே குடும்பத்தினர் வைத்தியமும் பார்த்தனர், பெண்கள் பிரசவம் பார்த்தனர். மருத்துவர் என்னும் சமூகப் பெயர் இதனால் வந்தது. பிறப்போடு கட்டப்பட்ட தொழில் என்பதால் திறமைக்கு ஏற்ற மரியாதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மற்றொரு பக்கம், தலித் மக்களுக்கு முடிவெட்ட மறுக்கும் கடைகளைப் பற்றிய செய்திகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒருவர் முகத்தை மற்றொருவர் தொட்டுச் செய்யும் வேலை இது. சாதி இதற்குள் புகாமல் இருந்ததில்லை. 2018இல் வெளிவந்த ‘சவரக்கத்தி’ திரைப்படத்தின் நாயகனும் ஒரு முடிதிருத்துநரே.

இரண்டு வகைக் கத்திகள்

முதலாவது தீட்டும் கத்தி. அலகு முழுவதும் ஒரே எஃகுத் துண்டு. கூர் மழுங்கினால் கல்லில் தீட்டி, வாரில் இழுத்து மீண்டும் பயன்படுத்தலாம். செருமனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் செஃபீல்டு ஆகிய நகரங்கள் இத்தகைய கத்திகளுக்குப் பெயர் பெற்றவை. நன்றாகப் பேணினால் ஒரு கத்தி இரண்டு தலைமுறைக்கு உழைக்கும்.

இரண்டாவது பிளேடு மாற்றும் கத்தி. தோற்றம் ஒன்றே, ஆனால் அலகுக்குப் பதிலாக ஒரு பிளேடு செருகும் பள்ளம் இருக்கும். இருபக்கமும் கூருள்ள சாதாரண பிளேடை அதன் காகித உறை பிரியாமலே நீளவாக்கில் மடக்கி ஒடித்து, பாதியை அதில் செருகுவர். நம் ஊர் சலூன்களில் இன்று புழங்குவது பெரும்பாலும் இதுதான். கோயில்களில் முடி காணிக்கை எடுப்பவர்கள் கையில் இருப்பதும் இதுவே.

முதல் வகை ஏன் சலூன்களை விட்டு மறைந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டுச் சவரத்தை மாற்றியது அமெரிக்கரான சில்லெட்டின் தூக்கி எறியும் பிளேடு. 1903இல், விற்பனை தொடங்கிய முதல் ஆண்டில், அவர் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அவை வழங்கப்பட்ட பிறகு நிலைமை தலைகீழானது. ஆனால் இங்கே சலூன் கத்தியை மாற்றியது அந்த வசதி மட்டும் அன்று, ஓர் அச்சமும்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளின் விழிப்புணர்வுப் பிரசாரம் ‘புதிய பிளேடு கேளுங்கள்’ என்பதை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. வாடிக்கையாளர் கண்முன் உறை பிரித்துப் பிளேடு மாற்றுவது அதன்பின் வழக்கமாயிற்று. உண்மையில் கத்தி வழியாகப் பரவும் ஆபத்து கல்லீரல் அழற்சி பி வகைக்கே அதிகம். அந்தக் கிருமி உடலுக்கு வெளியே 7 நாள் வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. எப்படியானாலும் மாற்றம் நல்லதே. அதற்குக் கொடுத்த விலை, கல்லில் கத்தி தீட்டும் கைப்பழக்கம் ஒரு தலைமுறையோடு அறுந்துபோனது.

தொடங்குவோருக்கு இரண்டாம் வகையே ஏற்றது. விலை குறைவு; கூரைப் பற்றிய கவலை இல்லை. மழிக்கும்போது எரிச்சல் வந்தால் குற்றம் கையிலா, கத்தியிலா என்ற குழப்பமும் வராது. தீட்டும் கத்தியில் முதலில் இறங்கியவர்கள் பலர் மழுங்கிய கத்தியோடு போராடிவிட்டு, தமக்குக் கை வரவில்லை என்று விட்டுவிடுகின்றனர்.

தண்ணீரும் நுரையும்

உலர்ந்த தாடி முடி கடினமானது. தண்ணீரை உறிஞ்சி ஊறிய முடி எளிதில் வெட்டுப்படும். எனவே குளித்த உடனே மழிப்பது நல்லது. இல்லையென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருக்கலாம்.

அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகள் அங்கு வந்ததே அதனால்தான். இத்தகைய நிலத்தின் கிணற்று நீரிலும் போர்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு உப்புகள் கலந்திருக்கும். சவரச் சோப்பு அதில் சரியாக நுரைக்காது. நுரை வந்தாலும் சற்று நேரத்தில் அடங்கி, வெள்ளைத் திட்டாக முகத்தில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ரேசருக்கு அது பெரிய குறை இல்லை. சவரக்கத்திக்கோ கூர் வழுக்கிச் செல்ல நுரையை விட்டால் வேறு துணை இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தெளிய விட்டால் கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரு சவரத்துக்கு ஒரு சொம்பு நீரே போதும். சோப்புக்குப் பதில் சவர கிரீம் பயன்படுத்துவதும் உதவும். பிரஷால் வட்டமாகத் தேய்த்து, தயிர் போன்ற ஈரமான நுரை வரச் செய்ய வேண்டும். குமிழ் குமிழாகப் பொங்கும் நுரையில் வழுக்கும் தன்மை இருக்காது.

கோணமும் இழுப்பும்

மழிக்கும் முன் தாடியின் மேல் விரல் நுனியை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வழவழப்பாகச் செல்லும் பக்கமே முடி வளரும் திசை. கன்னத்தில் அது கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மேல்நோக்கியும் பக்கவாட்டிலும்கூட இருக்கும். முதல் சில வாரங்களுக்கு முடி வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். எதிர்த் திசையில் மழிப்பது கை நன்றாகப் பழகிய பிறகு. சுருள் முடி உள்ளவர்கள் எதிர்த் திசையைத் தவிர்ப்பதே மேல். முடி தோலுக்குள் திரும்பி வளர்ந்து கட்டியாகும்.

கத்தியைப் பிடிக்கும்போது பிடி மேல்நோக்கி விரிந்திருக்கும். ஆள்காட்டி விரல் முதல் மூன்று விரல்கள் அலகின் தண்டுக்கு மேலும், கட்டைவிரல் கீழும், சுண்டுவிரல் வால் மேலும் அமரும். பேனா பிடிப்பதைவிடச் சற்றே உறுதியாக இருந்தால் போதும். அலகைக் கன்னத்தில் தட்டையாகப் படுக்க வைத்து, அதன் முதுகை மெல்லத் தூக்கினால் ஏறக்குறைய 30 பாகை கோணம் கிடைக்கும். அதைவிடத் தட்டையாக இருந்தால் முடி வெட்டுப்படாமல் இழுபடும்; செங்குத்தாகப் போகப் போகக் கூர் தோலைச் சுரண்டும், பிறகு வெட்டும்.

மற்ற கையின் வேலை இங்கேதான் வருகிறது. கத்தி செல்லும் திசைக்கு எதிர்ப்புறமாகத் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். கன்னத்துக்குக் காதோரத்தில் மேல்நோக்கி, மேலுதட்டுக்கு உதட்டைப் பற்களின் மேல் இறுக்கி, கழுத்துக்குத் தலையை அண்ணாந்து. தளர்ந்த தோல் கத்திக்கு முன்னே சிறு மடிப்பாகக் குவியும். கூர் அந்த மடிப்பில் ஏறும். புதியவர் முகத்தில் காணும் கீறல்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவையாகவே இருக்கும். விரலில் நுரை பட்டு வழுக்கினால் துடைத்துவிட்டுப் பிடிக்க வேண்டும். படிகாரக் கட்டியை விரலில் ஒருமுறை தேய்த்துக்கொண்டால் பிடி வழுக்காது.

ஒவ்வொரு இழுப்பும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருந்தால் போதும். கத்தியின் எடையே அழுத்தம்; கை அழுத்தக் கூடாது. மிகவும் முக்கியமானது, கூர் நீளும் திசையில் கத்தியைச் சறுக்கவே கூடாது. அரிவாள்மனையில் பழுத்த தக்காளியை வைத்துப் பாருங்கள்: மெல்ல அழுத்தினால் தோல் நெளிந்து கொடுக்கும், சற்று இழுத்தால் உடனே அறுபடும். முகத் தோலும் அப்படியே. கத்தியைத் தோலில் வைக்கும்போதும் எடுக்கும்போதும்தான் இந்தச் சறுக்கல் நேர்கிறது. கத்தி முகத்தில் படும் முன்னரே நகரத் தொடங்குவதும் அதே காரணத்தால் தவறு.

முதல் நாள் இரண்டு கன்னங்களை மட்டும் மழித்துவிட்டு, மீதியை வழக்கமான ரேசரால் முடித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்துக் கழுத்து. தாடையின் வளைவும் மேலுதடும் கடைசியாக. கைமாற்றிப் பிடிப்பதா, ஒரே கையால் முகம் முழுவதும் மழிப்பதா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. ஒரே கையால் தொடங்குவது எளிது. முகத்துக்கு முன் கையைப் பழக்க விரும்பினால், ஊதிய பலூனில் நுரை தடவி, அது வெடிக்காமல் நுரையை வழித்தெடுத்துப் பழகலாம்.

கதவைத் தாழிட்டுக்கொள்வது நல்லது. பின்னால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அப்பா கையில் இருப்பது என்னவென்று தெரியாது. கத்தி கை தவறினால் விழ விட வேண்டும்; பாய்ந்து பிடித்தவர்களுக்குத்தான் தையல் போட்டிருக்கிறார்கள். முகப்பரு நிறைந்த முகத்திலும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், கைநடுக்கம் உள்ளவர்களும் இதை முயலக் கூடாது.

தீட்டும் கத்தியின் பராமரிப்பு

இரண்டு மூன்று மாதம் பழகிய பின் தீட்டும் கத்தி வாங்க நினைப்பவர்கள், அது சவரத்துக்கு ஏற்றபடி தீட்டப்பட்டதா என்று முதலில் கேட்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் கூர் பல நேரம் போதாது.

வாரும் கல்லும் வெவ்வேறு வேலை செய்கின்றன. ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல் வாரில் 30 முதல் 50 முறை கத்தியை இழுக்க வேண்டும். வார் எஃகைத் தேய்ப்பது மிகக் குறைவு; மடங்கிய நுண்ணிய விளிம்பை நேராக்குவதே அதன் வேலை. முதுகு முன்னே, கூர் பின்னே வருமாறு இழுத்து, முனையில் முதுகின் மேலேயே புரட்டித் திரும்ப வேண்டும். கூரின் மேல் புரட்டினால் வாரும் அறுபடும், கூரும் போகும். கல்லிலோ இதற்கு நேர் எதிராகக் கூர் முன்னே செல்ல வேண்டும். முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிந்திருந்தால் கோணம் தானே சரியாக அமையும்; சவரக்கத்தியின் முதுகு தடிப்பாக இருப்பது இதற்காகவும்தான். சமையலறைக் கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் இதைக் கொடுக்கக் கூடாது. அவருடைய சக்கரம் முதல் சுற்றிலேயே அந்த வடிவத்தைக் கெடுத்துவிடும்.

கரிம எஃகு துருப்பிடிக்கும். மழித்து முடித்ததும் கழுவி, துடைத்து, சிறிது நேரம் திறந்து உலர விட்டு, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுடன் மடக்கி வைக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கினால் ஐப்பசி மழைக்காலத்தில் இரண்டே நாளில் கூரில் செம்புள்ளி தெரியும்.

காயமும் கழிவும்

சிறு கீறலுக்குக் குளிர்ந்த நீரும் படிகாரமும் போதும். சற்று ஆழமானால் சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு நொடிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நிற்காது. அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கத்தியை, வீட்டுக்குள் அண்ணன் தம்பியாக இருந்தாலும், பகிரக் கூடாது. தீட்டும் கத்தியைக் கொதிநீரில் முக்கினால் போதும் என்று சிலர் எண்ணுவர். அது நம்பத்தக்க வழி அன்று.

பயன்படுத்திய பிளேடுகளை வெறுமனே குப்பையில் போடக் கூடாது. குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரல்தான் அதில் படும். மூடியுள்ள ஒரு பழைய தகர டப்பாவின் மேல் பிளேடு நுழையும் அளவு கீறல் போட்டு, அதில் சேர்த்து வரலாம். ஒரு டப்பா நிறையப் பல ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் கீறலை ஒட்டி, உள்ளே பிளேடு இருப்பதாக மேலே எழுதிக் கொடுக்க வேண்டும்.