துணி உலர்த்தும் இயந்திரம் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும், நாம் கடைக்கு உடுத்திப் போகும் வேட்டி சட்டையும் ஈர வாடையோடு தொங்கிக் கொண்டிருக்கும். மொட்டை மாடியில் பங்கு கிடைக்காத அடுக்குமாடி வீடுகளில் வெயில் காலத்திலும் இதே பாடுதான். இதனால் துணி உலர்த்தும் டிரையர் வாங்கலாமா என்ற பேச்சு இன்று பல வீடுகளில் எழுகிறது.

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதற்கே நாலு மண்டியில் விலை கேட்டு, கையில் அள்ளி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள் நாம். பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கும் இயந்திரத்துக்கும் அந்தப் பார்வை வேண்டும். விலை ஒரு முறை கொடுப்பது. மின்கட்டணமோ இயந்திரம் இருக்கும்வரை கொடுப்பது. இதற்கும் மேலாக, எண்ணெய் புழங்கும் கடைக்காரர் வீடுகளில் தீ விபத்துக்கு இடம் தரும் ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அதைப் பின்னால் விளக்குகிறோம்.

பெயரில் உள்ள குழப்பம்

இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துணியைச் சுழற்றிப் பிழியும் தொட்டியை நம் வீடுகளில் ‘டிரையர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது உலர்த்துவதில்லை, பிழிவதோடு சரி. நாம் இங்கே சொல்லும் டிரையர் தனி இயந்திரம். உள்ளே உருளை சுழலும். சூடான காற்று துணிக்குள் புகுந்து ஈரத்தை எடுத்துப் போகும். கடையில் விசாரிக்கும்போது இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீருக்கு விலை உண்டு

தானியத்தில் ஈரம் என்றால் எடையில் நஷ்டம். துணியில் ஈரம் என்றால் கரண்டில் நஷ்டம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. இது இயற்கையின் கணக்கு. எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது. வெளியே போகும் வெப்பத்தையும் சேர்த்தால், சாதாரண ஹீட்டர் டிரையரில் ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் ஆகிவிடுகிறது.

ஆகவே சிக்கனம் தொடங்குவது வாஷிங் மெஷினில்தான். 5 கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர் துணியில் தங்குகிறது. 1,400 சுற்றில் பிழிந்தால் சுமார் இரண்டரை லிட்டர்தான் தங்கும். மெஷின் பிழிந்து தள்ளும் அந்த ஒரு லிட்டருக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதையே டிரையர் உலர்த்தினால் ஒரு யூனிட். டிரையர் வாங்குகிறவர்கள் முதலில் தங்கள் வாஷிங் மெஷின் எத்தனை சுற்றில் பிழிகிறது என்று பார்க்க வேண்டும்.

சந்தையில் உள்ள வகைகள்

முதலாவது, ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகை. அமைப்பு எளிது, விலையும் குறைவு. 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும் ஹீட்டர் இதில் இருக்கும். குழாய் கட்டாயம் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். 7 கிலோ துணியில் நாலு லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்றால், குழாய் வைக்காதவர் அந்த நாலு லிட்டரையும் தன் அறைச் சுவரில் தெளித்தது போலாகும். சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாவது, கண்டன்சர் வகை. ஈரக் காற்றைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி ஒரு தொட்டியில் சேர்க்கும். வெளிக் குழாய் வேண்டாம். ஆனால் ஹீட்டர் இருப்பதால் மின்செலவு முதல் வகையைப் போலத்தான். அறையும் சூடேறும்.

மூன்றாவது, ஹீட் பம்ப் வகை. குளிர்சாதனப் பெட்டியில் உள்ளது போல் இதிலும் ஒரு கம்ப்ரசர் உண்டு. ஈரக் காற்றிலிருந்து வெப்பத்தைத் திரும்ப எடுத்து அதையே மறுபடி துணிக்கு அனுப்புகிறது. கடனுக்குப் போன பணம் திரும்பி வந்து மறுபடி முதலாவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். அதனால் ஹீட்டர் வகைக்கு ஆகும் மின்சாரத்தில் பாதியோ, அதற்கும் குறைவோதான் ஆகிறது. குறைந்த சூட்டில் உலர்த்துவதால் துணிக்கும் நல்லது. நேரம் கூடுதலாக எடுக்கும், விலையும் அதிகம்.

இவை தவிர, துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே இயந்திரத்தில் உண்டு. இடம் மிச்சம். ஆனால் 8 கிலோ துவைக்கும் இயந்திரம் பெரும்பாலும் 5 கிலோ அளவுதான் உலர்த்தும். பாதித் துணியை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்த வேண்டியிருக்கும். சில மாடல்கள் ஈரக் காற்றைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரையும் செலவழிக்கின்றன. லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாப நஷ்டக் கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் சந்தைக்கு வரும் புதிய வீட்டு டிரையர்களுக்கு, ஹீட் பம்ப் வகை மட்டுமே எட்டக்கூடிய மின்சிக்கன விதி அமலாகியுள்ளது. சுவிட்சர்லாந்து 2012லேயே இதைச் செய்துவிட்டது. அதனால் நாமும் கண்ணை மூடிக்கொண்டு ஹீட் பம்ப் வாங்கிவிடலாமா? அங்கே மாதக் கணக்கில் குளிர். நமக்கோ வருடத்தில் பெரும்பகுதி வெயில்.

7 கிலோ துணிக்கு ஹீட்டர் வகை 4 யூனிட், ஹீட் பம்ப் வகை ஒன்றே முக்கால் யூனிட் என்று கொள்வோம். யூனிட் 8 ரூபாய் என்றால் முதலாவதற்கு 32 ரூபாய், இரண்டாவதற்கு 14 ரூபாய். ஒரு முறைக்கு மிச்சம் 18 ரூபாய். இரண்டுக்கும் விலை வித்தியாசம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மழைக்காலத்தில் மட்டும் வருடத்துக்கு 50 முறை ஓட்டும் வீட்டில் மிச்சம் 900 ரூபாய். போட்ட கூடுதல் முதல் திரும்ப 33 வருடம் ஆகும்! இயந்திரம் அத்தனை காலம் உழைக்காது. வெளிச்சுவர் உள்ள இடம் இருந்தால் இவர்களுக்கு விலை குறைந்த முதல் வகையே போதும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலும், கூட்டுக் குடும்பங்களிலும் வருடத்துக்கு 300 முறை ஓட்டினால் மிச்சம் 5,400 ரூபாய். ஐந்தரை வருடத்தில் முதல் திரும்பிவிடும். அவர்களுக்கு ஹீட் பம்ப் லாபம்.

உங்கள் ஊர் விலையையும், உங்கள் மின்கட்டண அட்டையில் உள்ள கடைசி அடுக்கின் விகிதத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். டிரையர் யூனிட் எல்லாம் அடுக்கின் மேல்தட்டில்தான் போய் விழும் என்பதை மறக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறைதான் தேவை என்றால் டிரையரே வேண்டியதில்லை. துணியை நன்றாகப் பிழிந்து, இடைவெளி விட்டுப் போட்டு, ஜன்னலைத் திறந்து மின்விசிறியை ஓட விடுங்கள். 75 வாட் மின்விசிறி 10 மணி நேரம் ஓடினாலும் முக்கால் யூனிட்தான்.

எண்ணெய்த் துணி: எச்சரிக்கை

இனி, மளிகை வணிகர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. எண்ணெய் டின் துடைத்த துணி, எண்ணெய் அளந்து ஊற்றும் பையனின் சட்டை, செக்கில் புழங்கிய வேட்டி ஆகியவற்றைத் துவைத்த பிறகும் இழைகளில் எண்ணெய் மிச்சம் இருக்கும். சூரியகாந்தி, நல்லெண்ணெய், சோயா, ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேரும்போது தாமாகவே வெப்பத்தை வெளிவிடும். இதில் ஆளிவிதை எண்ணெய் மிகக் கடுமையானது. டிரையரில் சூடேறிய துணியைக் குவியலாகப் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலே துணி பற்றிக்கொள்ளக்கூடும். தேங்காய் எண்ணெயில் இந்தக் குணம் குறைவு. என்றாலும் அதுவும் எரியும் பொருளே.

ஆகவே எண்ணெய்க் கறைத் துணியை வெயிலில் உலர்த்துவதே உத்தமம். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் பட்ட துணி டிரையர் பக்கமே போகக் கூடாது. டிரையர் கடைசி சில நிமிடங்கள் சூடில்லாமல் சுற்றுவது துணியை ஆற வைப்பதற்காகத்தான். அவசரப்பட்டு நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தியே ஆக வேண்டுமானால் துணியை உடனே எடுத்து விரித்துப் போடுங்கள்.

இன்னொரு காரணம் பஞ்சுத் தூசி. ஒவ்வொரு முறையும் வடிகட்டியில் சேரும் தூசியை எடுத்துவிட வேண்டும். அடைத்துக்கொண்டால் மின்செலவும் ஏறும், தீப்பிடிக்கவும் இடமாகும். வெளிக் குழாய் நீளம் குறைவாக, வளைவு அதிகமில்லாமல், முடிந்தவரை உலோகத்தில் இருக்கட்டும். வீட்டில் ஆள் இல்லாதபோதும், எல்லோரும் தூங்கும்போதும் ஓட்ட வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. துணி காய்ந்ததை உணர்ந்து தானே நிற்கும் சென்சார் இருக்கிறதா, நேரம் வைத்து மட்டும் ஓடுமா? சென்சார் இருந்தால் கரண்ட் மிச்சம், துணியும் சுருங்காது.

2. எத்தனை கிலோ உலர்த்தும்? ஒரு முறைக்கு எத்தனை யூனிட்? குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

3. உங்கள் ஊரிலேயே சர்வீஸ் உண்டா? உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும்?

4. உத்தரவாதம் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமா? லாட்ஜ், சலவைக் கடைகளில் ஓட்டினால் பல கம்பெனிகள் உத்தரவாதம் தருவதில்லை.

5. பில்லும் உத்தரவாத அட்டையும் முத்திரையோடு கிடைக்குமா?

வீட்டில் எர்த் சரியாக உள்ள 15 அல்லது 16 ஆம்பியர் பிளக் தனியாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுவது ஆபத்து. பட்டு, கம்பளி, ரப்பர், பஞ்சு மெத்தை உறை ஆகியவற்றை அதற்கென்று குறிப்புப் புத்தகம் சொன்னாலொழியப் போடக் கூடாது. சேலையும் எட்டு முழ வேட்டியும் தனியாகப் போட்டால் பந்தாகச் சுருண்டு நடுவில் ஈரம் தங்கும். சிறிய துணிகளோடு கலந்து போடுங்கள்.

வெயில் இருக்கும் நாளில் கொடியே நமக்கு லாபம். மழை நாளுக்கு இயந்திரம் தேவைப்பட்டால், மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பணத்தை எடுங்கள்.