முதல் பதக்கத்துக்குப் பிறகு என்ன?

பினாங்கு மாணவர்களிடம் நிக்கோல் டேவிட் யார் என்று கேட்டால், "எட்டு முறை உலக சுவர்ப்பந்து வெற்றியாளர்" என்ற பதில் உடனே வரும். ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்தவர் என்றும் சிலர் சொல்வார்கள். ஆனால், இளம் விளையாட்டாளர்கள் அறிய வேண்டியது அந்த வெற்றிகளுக்கு முந்திய கதையைத்தான்.

1983-இல் பினாங்கில் பிறந்த நிக்கோல், அக்காள்மார் இருவரும் ஆடிய சுவர்ப்பந்தைச் சிறு வயதிலேயே தொடங்கினார். 1998 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. 1999-இல் உலக இளையோர் பட்டம். 2001-இல் அதே பட்டத்தைச் சொந்த ஊரான பினாங்கிலேயே தக்கவைத்துக் கொண்டார்.

ஆனால், பெரியவர்களுக்கான உலகப் பட்டம் அவ்வளவு எளிதில் கிட்டவில்லை. 2002 பூசான் ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் தோற்றார். அதன்பின், ஆஸ்திரேலியரான லிஸ் இர்விங்கிடம் பயிற்சி பெற ஆம்ஸ்டர்டாம் சென்றார். 2005-இல்தான் முதல் உலகப் பட்டம் கைக்கு வந்தது. முதல் இளையோர் பட்டத்துக்கும் இதற்கும் இடையே ஆறு ஆண்டுகள்! இளையோர் பிரிவில் உலகிலேயே சிறந்தவராக இருந்தவருக்கே இவ்வளவு காலம் தேவைப்பட்டது.

வயதும் வளர்ச்சியும்

பள்ளி விளையாட்டில் வயதுப் பிரிவுகள் பிறந்த ஆண்டை வைத்தே பிரிக்கப்படுகின்றன. 12 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பிரிவில், ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி இருக்கும். அந்த வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வலிமையிலும் பெரிய வேறுபாடு. முன்னதாக வளர்ந்தவர் திறமைசாலியாகத் தெரிவார். பின்னால் வளரப்போகிறவர் தேர்விலேயே கழிக்கப்படுவார். பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகம் இருப்பதை ஆய்வாளர்கள் 1980-களிலிருந்தே சுட்டிக்காட்டி வருகின்றனர்.

திடீரென உயரம் கூடும் பருவத்தில் கைகால்களின் ஒருங்கிணைப்பு சற்றுத் தடுமாறலாம். முழங்காலிலும் குதிகாலிலும் வலி வரலாம். அப்போது பயிற்சியைக் கூட்டுவதை விட, சுமையைக் குறைத்து நுட்பத்தைச் செப்பனிடுவதே நல்லது. வலியை மறைத்து ஆடுவது வீரம் அல்ல. பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள்.

மீண்டு வருதல்

நம் பக்கத்து மாநிலத்திலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. கெடா, சுங்கை பட்டாணியைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியம், 2022 ஜூனில் சாலை விபத்தில் பலத்த காயமடைந்தார். பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி கைநழுவிப் போனது. சிகிச்சை, ஓய்வு, உடற்பயிற்சி எனப் படிப்படியாக மீண்டவர், 2023-இல் ஹாங்சாவ் ஆசியப் போட்டியில் தனிநபர் தங்கம் வென்றார். 2024-இல் லண்டனிலும் பட்டம் வென்றார். சுவர்ப்பந்து 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெறவிருக்கிறது.

எஸ்.பி.எம். நெருங்கியதும் காலணியைப் பரணில் ஏற்றிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பெற்றோரின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், முழுவதும் நிறுத்துவதற்குப் பதிலாக, வாரத்தில் ஐந்து நாள் பயிற்சியை இரண்டாகக் குறைக்கலாமே! படிப்பு அட்டவணையையும் பயிற்சி அட்டவணையையும் ஒரே தாளில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். பேச்சுவார்த்தை அங்கிருந்து தொடங்கட்டும்.

பள்ளி அணிப் பட்டியலில் இந்த ஆண்டு உங்கள் பெயர் இல்லையா? எந்தத் திறன் குறைவு என்று பயிற்றுநரிடம் நேரடியாகக் கேளுங்கள். அந்த ஒன்றை மட்டும் அடுத்த மூன்று மாதங்களுக்குப் பழகிவிட்டு, மறுபடியும் தேர்வுக்குப் போய் நில்லுங்கள்.